பெற்றோல் பார்த்தோம், இருக்கிறது

கிடங்கைத் தோண்டிய அன்று நின்றவர்கள் மூன்று பேர்: அப்பா, அம்மா, நான். நிற்காதவர், உள்ளே கிடந்த மோட்டார் சைக்கிளின் சொந்தக்காரர். அவர் அப்போது லண்டனில் இருந்தார். அடையாளத்துக்கு என்று அப்பா மனதில் வைத்துப்போன வேப்பமரமும் நிற்கவில்லை. அதனால் கிணற்றுக் கட்டிலிருந்து காலடி வைத்து எண்ணிக்கொண்டு வந்தார். மூன்று இடத்தில் பிழையாகத் தோண்டினார். நாலாவது இடத்தில்தான் மண்வெட்டி எதிலோ பட்டு மெத்தென்று நின்றது. அப்பா குந்தியிருந்து கையால் மண்ணை வழித்தார். சுற்றிக் கட்டியிருந்த நீலத் தறப்பாளின் ஒரு மூலை தெரிந்தது. மண்ணெண்ணெய் மணம் வந்தது. அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "நல்ல காலம், மண்ணெண்ணெய்தான் மணக்குது" என்றார். அந்த வருடம் கிடங்கு தோண்டிய சிலருக்குப் பிணவாடைதான் முதலில் வந்தது.

தறப்பாள் கொட்டில் பள்ளிக்கூடத்தில் என்னோடு ஆறாம் வகுப்பு இருந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இருபத்தேழு வயதில் கிழவன் மாதிரிப் பழங்கதை சொல்ல வந்துவிட்டான் என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். உங்களில் பாதிப்பேர் அந்த மோட்டார் சைக்கிளைத் தள்ளியிருக்கிறீர்கள். ஒருவன் புகைக்குழாயில் காலைச் சுட்டுக்கொண்டு, வீட்டில் அடி விழும் என்று நுளம்பு கடித்ததாகச் சொன்னான். அவன் இப்போது கட்டாரில் இருக்கிறான். அந்தத் தழும்பு இருக்கிறதோ தெரியாது. ஆனால் அந்தச் சைக்கிளால் எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று உங்கள் ஒருவருக்கும் நான் சொல்லவில்லை. அடுத்த பள்ளித் தவணைக்கு என் இடம் வெறுமையாக இருந்ததை மட்டும்தான் நீங்கள் கண்டீர்கள்.

அப்பாவின் தகப்பன் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கலவரத்தில் அடிபட்டு ஓடி வந்தவர். பெரியமடுவுக்கு இந்தப் பக்கம் அவருக்கு வயல் வேலை கிடைத்தது, காணி கிடைக்கவில்லை. அப்பாவும் அதே வயலில் அதே வேலைக்கு இறங்கினார். வயலுக்குச் சொந்தக்காரரை நாங்கள் ஐயா என்றே கூப்பிட்டோம். இங்கே அவரைக் காணிக்காரர் என்று சொல்கிறேன். அவருடைய பெரிய வளவின் தெற்கு மூலையில் அரை ஏக்கரில் எங்கள் குடிசை இருந்தது. கிணற்றை அப்பாவே வெட்டினார். பதினொரு தென்னம்பிள்ளைகளையும் அவரே வைத்தார்.

மோட்டார் சைக்கிள் காணிக்காரரின் தகப்பனுடையது. வெள்ளைக்காரன் காலத்து இங்கிலாந்துச் சாமான். கறுப்புத் தாங்கி, அதன் இரண்டு பக்கமும் தங்கக் கோடு. சண்டை நடுவே காணிக்காரர் வெளிநாட்டுக்குப் போனபோது, படலையில் நின்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். சைக்கிளைப் பார்த்துக்கொள், நான் உயிரோடு வந்தால் இந்த அரை ஏக்கரை உனக்கு எழுதித் தருவேன் என்று. கேட்ட சாட்சி அம்மா ஒருவர்தான்.

ஊரை விட்டு எழும்ப வேண்டி வந்தபோது அப்பா அதைப் புதைத்தார். புதைப்பது அந்த நாளில் எல்லோரும் செய்த வேலை. தையல் இயந்திரம், தண்ணீர்ப் பம்பு, கோயில் மணி, எல்லாம் மண்ணுக்குள் போயின. அப்பாவின் வேலை மற்றவர்களுடையதை விடத் துப்புரவு. என்ஜின் முழுக்கக் கிறீஸ் அப்பினார். புகைக்குழாய்க்குள் தேங்காய்ப் பொச்சு அடைத்தார். பெற்றோல் தாங்கி துருப்பிடிக்காமல் இருக்க மண்ணெண்ணெயும் எண்ணெயும் கலந்து விளிம்புவரை நிரப்பினார். பிறகு மூடியின் மேலும் சுற்றிலும் ஈரச் சவுக்காரத்தை அழுத்தித் தேய்த்தார். அதற்கு மேல் மெழுகுதிரியை உருக்கி ஊற்றினார். மண்ணெண்ணெய்க்குச் சவுக்காரம் கரையாது, மழைத் தண்ணீருக்கு மெழுகு கரையாது என்பது அவர் கணக்கு. அம்மா கொண்டுபோக என்று வைத்திருந்த சவுக்காரக் கட்டியில் பாதி அதற்குப் போனது. அகதி முகாமில் இருந்த காலம் முழுக்க, துணி தோய்க்கும்போதெல்லாம் அம்மா அந்தப் பாதிக் கட்டியைச் சொல்லிக் காட்டினார்.

தோண்டி எடுத்த அன்று அப்பா மெழுகைச் சுரண்டி, துணியால் துடைத்து, மூடியைத் திருகித் திறந்தார். டோர்ச் அடித்து என்னைப் பார்க்கச் சொன்னார். உள்ளே தகரம் புதுக் கிண்ணம் போல மினுங்கியது. ஒரு புள்ளி துரு இல்லை. அப்பா அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் கண்டதில்லை. பிறகும் கண்டதில்லை.

காணியை எழுதி எடுப்பது அப்போது இன்னொரு விதத்திலும் அவசரமாகிவிட்டது. வீட்டுத்திட்டம் வந்திருந்தது. காணி தன் பெயரில் இருப்பவனுக்குத்தான் கல்வீடு என்று கிராம சேவகர் சொல்லிவிட்டார். அப்பா அவருக்கு முன்னால் நின்று, ஐயா வாறார், வந்து எழுதித் தருவார் என்றார். கிராம சேவகர் எங்கள் பெயரைப் பென்சிலால் எழுதிக்கொண்டார். மற்றவர்களுடையதைப் பேனாவால் எழுதினார்.

ஆறு மாதம் சைக்கிள் வேலை நடந்தது. இருக்கைத் தோலைக் கறையான் தின்றிருந்தது. ரயர் இரண்டும் தொட்டால் உதிர்ந்தன. அப்பா வயல் வேலை முடிந்து வந்து, கைகால் கழுவாமலே அதற்குப் பக்கத்தில் குந்துவார். மன்னாரில் வள்ளத்துக்குப் பூசும் கறுப்புப் பெயின்ற் வாங்கி வந்து தாங்கிக்குப் பூசினார். வளவு முழுக்கக் கடற்கரை மணம் வந்தது. தங்கக் கோட்டை என்னைக் கீறச் சொன்னார். பள்ளிக்கூடத்துக் கை நடுங்காது என்று நம்பினார். நடுங்கியது. இடப்பக்கக் கோடு லண்டனில் இப்போதும் கோணலாகத்தான் இருக்கும்.

ஓடத் தொடங்கிய பிறகுதான் அதன் குணங்கள் தெரிந்தன. எங்கள் வீட்டில் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன் என்பதால், அப்பா ஒரு அப்பியாசக் கொப்பி வாங்கித் தந்தார். குறைகளை நான் எழுத வேண்டும். தீர்ந்ததும் கோடு போட்டு வெட்ட வேண்டும். இடப்பக்கம் திருப்பினால் தானாகக் கோர்ன் அடித்தது. கைபிடிக்குக் கீழே வயரின் தோல் தேய்ந்து இரும்பில் பட்டுக்கொண்டிருந்தது. பழைய செருப்பிலிருந்து ஒரு துண்டு வெட்டிச் சுற்றினோம். வெட்டினேன். நின்ற இடத்தில் என்ஜினை ஓடவிட்டால் ஏதோ சலங்கை போலக் கிலுங்கியது. என்ஜினுக்குள் என்று பயந்து அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில் சாமான் பெட்டி மூடியின் திருகாணி. வெட்டினேன். இரவில் என்ஜினுக்குக் கீழே எண்ணெய் சொட்டியது. வெறும் மீன் ரின் டப்பா ஒன்றை வைத்து விடிய அளந்து பார்த்தோம். அது வயதுக்குச் சொட்டுவது, போகட்டும் என்றார் அப்பா. வெட்டாமல் விட்டேன்.

வெட்ட முடியாத இன்னொன்று இருந்தது. சைக்கிள் நாலாம் கட்டையில் நிற்கும்.

நாலாம் கட்டை என்றால் எங்கள் படலையிலிருந்து நாலு மைல். சில நாள் கொஞ்சம் முன்னே, சில நாள் கொஞ்சம் பின்னே. முதலில் இருமும், பிறகு இழுக்காது, பிறகு சத்தமில்லாமல் உருண்டு நிற்கும். அப்பா இறங்கி முதலில் செய்வது தாங்கி மூடியைத் திறப்பது. நாங்கள் ஒரு போத்தல், இரண்டு போத்தல் பெற்றோல்தான் விடுவோம். அதனால் முடிந்துவிட்டதோ என்று பார்ப்பார். மூடியைத் திருகும்போது தாங்கி 'ஸ்ஸ்' என்று ஒரு பெருமூச்சு விடும். "பாவம், களைச்சுப்போச்சு" என்பார் அப்பா. பெற்றோல் இருக்கும். மூடியைப் போட்டுவிட்டு மர நிழலில் இருந்து வெற்றிலை போடுவார். எனக்கும் ஒரு சீவல் பாக்குத் தருவார். பத்து நிமிடம் கழித்து மிதித்தால் முதல் உதைக்கே பிடிக்கும். இன்னும் நாலு மைல் ஓடும்.

ஒவ்வொரு முறையும் கொப்பியில் ஒரே மாதிரி எழுதினேன். "நின்றது. பெற்றோல் பார்த்தோம், இருக்கிறது. பத்து நிமிடம் ஆறவிட்டோம். ஓடியது."

முருங்கனில் ஒரு மெக்கானிக் இருந்தார். நல்ல கைக்காரர். என்ஜினில் காதை வைத்துக்கொண்டே பேசுவார். பட்டறையில் நிறுத்தி வைத்து ஓடவிட்டுப் பார்த்தார். அங்கே அது நிற்கவில்லை. "சைக்கிள்ல ஒரு பிழையும் இல்லை, உனக்குத்தான் வீட்டில இருக்கப் பிடிக்கேல்லப் போல. முருங்கனுக்கு வாறதுக்கு ஒரு சாட்டுத் தேடுறாய்" என்று அப்பாவைப் பகிடி பண்ணினார். பிறகு என் கொப்பியை வாங்கி வாசித்தார். நின்றது, ஆறவிட்டோம், ஓடியது. இரண்டு முறை விரலை வைத்து வாசித்துவிட்டு, என்ஜினுக்கு மின்பொறி கொடுக்கும் கொயில் சூடேறுகிறது என்றார். பழைய கொயில் வெக்கை தாங்காது, சூடேறினால் நெருப்புப் பொறி அடிக்காது, ஆறினால் அடிக்கும். அவ்வளவுதான். ஆனால் இதற்குப் பொருத்தமான கொயில் கொழும்பில்கூட இருக்குமோ என்று கையை விரித்தார்.

அப்பாவுக்கு அது சரியாகப் பட்டது. எனக்கும் அப்படியே. கொப்பியில் நாலு வசனம் இருந்தது. விடை இரண்டாவது வசனத்தில் இருந்தது. நாங்கள் எல்லோரும் மூன்றாவதை நம்பினோம்.

இதை எழுதும்போது எனக்கு உங்கள் எல்லோரையும்தான் நினைவு வருகிறது. அந்தத் தவணையில் விஞ்ஞான ரீச்சர் ஒரு ரின்பால், தகர டப்பாவில் அடைத்த கெட்டிப்பால், கொண்டுவந்தார். உண்மையான ரின்பால். கொட்டில் முழுக்க அமைதியாகிவிட்டது. ஆணியால் ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்தார். பால் ஒரு சொட்டு வந்து, இழுபட்டு நின்றது. மற்றப் பக்கம் இன்னொரு ஓட்டை போட்டார். பால் நூலாக இறங்கியது. வரிசையில் வந்து ஆளுக்கொரு சொட்டு உள்ளங்கையில் வாங்கி நக்கினோம். தவணைச் சோதனையில் அது கேள்வியாக வந்தது. காற்று உள்ளே போக வழி இருந்தால்தான் பால் வெளியே வரும் என்று எழுதினேன். முழுப் புள்ளி. விடைத்தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து, சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்று அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அப்பா சாவியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"இதுக்கோ புள்ளி போட்டவை? இது கொம்மாவுக்கும் தெரியுமே."

அம்மா அடுப்படியிலிருந்து, "தெரியாமலா? ரெண்டு ஓட்ட போடாட்டி எப்படிங்க பால் ஊத்துறது?" என்றார்.

மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது. சைக்கிள் நடுவில் நின்றது.

சிவராத்திரிக்கு வருவதாகக் காணிக்காரர் செய்தி அனுப்பினார். தன் தகப்பனின் சைக்கிளில் திருக்கேதீஸ்வரம் போய், பாலாவியில் முழுகி வருவதாக அவருக்கு ஒரு நேர்த்தி இருந்ததாம். முப்பது வருடத்து நேர்த்தி. வருவதற்கு முதல் நாள் அம்மா இரண்டு விதமாக அப்பாவோடு மல்லுக்கட்டினார். ஒன்று, நாலாம் கட்டையில் நிற்கும் என்று சொல்லிவிட வேண்டும். மற்றது, சொல்லாவிட்டால் கூடவே போக வேண்டும்.

"நிக்கும்னு சொல்லிடுங்க. பழைய சாமான்தானே, நிக்கத்தானே செய்யும்."

"சொன்னா நாங்கள் பழுதாக்கிப்போட்டம் எண்டு நினைப்பார். முதல்ல எழுதட்டும். பிறகு சொல்லுவம்."

அப்பா அன்று ஒரு காரியம் செய்தார். அதுவரை போத்தல் கணக்கில் பெற்றோல் விட்டவர், முருங்கனுக்கு ஓடிப்போய்த் தாங்கியை விளிம்புவரை நிரப்பிக்கொண்டு வந்தார். வழியில் இரண்டு முறை நின்றதாம். நிறையப் பெற்றோலின் பாரம் என்று நினைத்தாராம். வாசலில் வந்து மூடியைத் திறந்து, தளும்பத் தளும்ப மேலும் ஒரு போத்தல் விட்டார். ஐயாவுக்கு அரைத் தாங்கியோடு கொடுக்கிறதோ என்றார். தாங்கி நிறைந்திருந்தால் உள்ளே காற்றுக்கு இடமில்லை, இருக்கும் கொஞ்சக் காற்றும் சீக்கிரம் இழுபட்டுப்போகும், அது நாலாம் கட்டைவரை தாங்காது என்று எனக்கு இப்போது தெரியும். அன்று அது மரியாதையாகத்தான் தெரிந்தது.

காணிக்காரர் வெள்ளைச் சப்பாத்தும் தொப்பியுமாக வான் வண்டியில் வந்து இறங்கினார். நான் நினைத்த மாதிரி ஆள் இல்லை. மெலிந்து, காது கொஞ்சம் மந்தமாகி, பேச்சில் நிறைய மறதி. சைக்கிளைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார். தாங்கியைத் தடவினார். தன் தகப்பன் முன்னால் இருத்தி ஏற்றிப்போகும்போது கையை வைத்துக்கொள்ளும் இடம் இது என்று வான் சாரதிக்குக் காட்டினார். கண் கலங்கியது. அம்மா கதிரையைத் துடைத்து வைத்தார். அவர் அதில் இருந்து தேத்தண்ணி குடித்தார். எங்கள் வீட்டில் அவர் குடித்தது அதுதான் முதல்முறை என்று அம்மா பிறகு சொன்னார்.

"கோயிலுக்குப் போட்டு வாறன். பின்னேரம் மன்னாருக்குப் போய் நொத்தாரிசிட்ட உன்ர காணியை எழுதுவம். என்ன, சொன்ன சொல்லு."

அப்பா தலையை ஆட்டினார். தோளில் கிடந்த துவாய் எப்போதோ இடுப்புக்கு இறங்கியிருந்தது.

"சைக்கிள்ல ஏதும் குறை இருக்கோ?"

"ஒரு குறையும் இல்லை, ஐயா."

நான் கொப்பியை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பா மூடியைத் திறந்து, தளும்பும் பெற்றோலை அவருக்குக் காட்டினார். அவர் சந்தோஷமாகத் தலையசைத்தார். ஏறி இருந்து மிதித்தார். பிடித்தது. பிறகு திரும்பி, பின் இருக்கையைத் தட்டிக் காட்டினார்.

"நீயும் வாவன். ரெண்டு பேருமாப் போவம்."

அம்மா அப்பாவை முதுகில் தள்ளாத குறை. அப்பா ஒரு அடி பின்னால் வைத்தார். ஐயாவுக்குப் பின்னால், ஐயாவின் தகப்பனின் சைக்கிளில், ஐயாவின் முதுகில் நெஞ்சு முட்ட. அவருக்கு அது ஏறமுடியாத இடம். வயலில் வேலை இருக்கிறது என்றார். அன்று வயலில் ஒரு வேலையும் இருக்கவில்லை. அறுவடை முடிந்து கிடந்தது. ஏறியிருந்தால், நின்ற இடத்தில் பழக்கத்துக்கு இறங்கி மூடியைத் திறந்திருப்பார்.

சைக்கிள் படலை தாண்டிப் போனது. சத்தம் தேயும்வரை நாங்கள் மூன்று பேரும் அசையவில்லை. நாலாம் கட்டையில் மர நிழல் இருக்கு, ஆறவிட்டிட்டு ஓடிருவார் என்று அம்மாதான் கடைசியில் சொன்னார். தனக்குத்தானே சொன்ன மாதிரி இருந்தது.

அவர் நாலாம் கட்டைக்குப் போகவில்லை. முதலாம் கட்டை தாண்டியதும் நின்றுவிட்டது. நிழல் இல்லாத இடம். தாங்கி நிறைந்திருப்பதைக் கண்ணால் கண்டவர் என்பதால் மூடியைத் திறக்கவில்லை. மிதித்திருக்கிறார். அறுபத்தைந்து வயது ஆள், காலை வெயிலில், மிதித்து மிதித்து, பிறகு தள்ளி, பிறகு விட்டுவிட்டு நடந்து வந்தார். வெள்ளைச் சப்பாத்து செம்மண் நிறமாகியிருந்தது. முகம் அதைவிடச் சிவந்திருந்தது. அம்மா தண்ணீர்ச் செம்பை நீட்டினார். அவர் வாங்கவில்லை. கதிரையிலும் இருக்கவில்லை.

"நிண்டுட்டுது" என்றார்.

அப்பா உடனே, ஆறுதல் சொல்லும் குரலில், "கொஞ்சம் ஆறவிட்டா ஓடும், ஐயா" என்றார்.

காணிக்காரர் அப்பாவை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப உனக்குத் தெரியும்."

அப்பா தண்ணீர்ச் செம்பை அம்மாவின் கையிலிருந்து வாங்கித் தரையில் வைத்தார்.

அந்த இடத்தில்தான் நான் முன்னால் போனேன். நாங்கள் எதையும் மறைக்கவில்லை, எல்லாம் திகதியோடு எழுதி வைத்திருக்கிறோம், எழுத்தில் இருந்தால் பெரியவர்கள் நம்புவார்கள் என்று நினைத்தேன். பள்ளிக்கூடம் அதைத்தான் எனக்குக் கற்றுத் தந்திருந்தது. கொப்பியை அவரிடம் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகத் திருப்பினார். நின்றது. நின்றது. நின்றது. என் உருண்டை எழுத்தில், வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் திகதி. வாசித்து முடித்தவர் குரலை உயர்த்தவில்லை.

"இவ்வளவும் எழுதி வச்சுக்கொண்டு, ஒரு குறையும் இல்லை எண்டனீ. உள்ளுக்க என்னத்தைக் கழட்டி வித்தனீ எண்டு நான் கேக்கேல்ல. கேட்டாலும் நீ சொல்லமாட்டாய்."

"நாங்க அப்படிப்பட்ட ஆளுங்க இல்லீங்க, ஐயா" என்றார் அம்மா. அவர் திரும்பவில்லை. கொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வான் வண்டியில் ஏறினார். அதை நான் பிறகு காணவில்லை. அதில் பின்பக்கம் என் வாய்ப்பாடும், கட்டாரில் இருக்கிறவன் கீறிய ஒரு ஹெலிகொப்டரும் இருந்தன.

சைக்கிள் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி முருங்கனுக்குப் போனது. மெக்கானிக் யாரையோ பிடித்துக் கொழும்பிலிருந்து ஒரு கொயில் எடுப்பித்தார். காபரேட்டரை மாற்றினார். லண்டனுக்குப் போகிற சாமான், பளிச்சென்று இருக்கட்டும் என்று தாங்கிக்கு ஒரு புது வெள்ளி மூடியும் போட்டார். அதற்குப் பிறகு அது எங்கும் நிற்கவில்லை. மன்னார்வரை ஓடிக் காட்டினார்களாம். கொயில்தான் என்று மெக்கானிக் எல்லோருக்கும் சொன்னார். காணிக்காரர் அதை வேறு மாதிரி விளங்கிக்கொண்டார். தன் சைக்கிளில் இருந்த நல்ல சாமானைக் கழற்றிவிட்டு இவன் கழிவு போட்டிருக்கிறான், அதனால்தான் மாற்றியதும் ஓடுகிறது. கழற்றிய பழைய துண்டுகளை ஒரு பையில் போட்டு, இதுவும் உனக்குத்தானாம், ஐயா சொல்லச் சொன்னவர் என்று மெக்கானிக் அப்பாவிடம் கொடுத்தார். கொடுக்கும்போது அவர் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

வளவு அந்தச் சித்திரைக்குள் கைமாறியது. வாங்கியவர் நல்ல மாதிரி. தேங்காய் பறித்துக்கொண்டு போகச் சொன்னார். அப்பா பறிக்கவில்லை. வீட்டுத்திட்டத்தில் எங்கள் பெயர் பென்சிலில் இருந்ததால் அழிப்பது சுலபமாக இருந்தது. குளத்துக்குப் பின்னால், காடு வெட்டிய இடத்தில், உவர்த் தண்ணீர்க் கிணற்றோடு ஒரு துண்டில் போய் இருந்தோம். அங்கிருந்து உங்கள் பள்ளிக்கூடத்துக்கு வழி இல்லை. நான் வேறு பள்ளிக்கூடம் போனேன். படித்தேன். வீட்டில் முதல் படித்தவன் ஆனேன். இப்போது மன்னாரில் ஒரு கந்தோரில் மேசை வேலை. அப்பா மட்டும் அந்த நாளுக்குப் பிறகு யார் எது கேட்டாலும் முதலில் குறையைச் சொல்லும் மனிதரானார். மாடு விற்கப் போனால், இதற்கு ஒரு கண் மந்தம் என்று தொடங்குவார். எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்திலும் என் நெஞ்சுச் சளியைச் சொல்லிவிட்டு வந்தார்.

போன மாதம் மன்னார்த் தாம்போதியில் என் மோட்டார் சைக்கிள் நின்றது. மூன்றாம் கையாக வாங்கியது. இருமி, இழுக்காமல், சத்தமில்லாமல் உருண்டு நின்றது. இரண்டு பக்கமும் கடல், காற்று ஆளைத் தள்ளியது. பின்னால் மீன் பெட்டி கட்டிக்கொண்டு வந்த ஒரு முஸ்லிம் நானா நிறுத்தினார். என்ன ஏது என்று கேட்கவில்லை. நேரே வந்து தாங்கி மூடியைத் திறந்தார். 'ஸ்ஸ்'.

நாலாம் கட்டையில் கேட்ட அதே பெருமூச்சு.

"மூடிக்கு மூச்சில்ல, தம்பி. ஓட்டை அடைச்சிட்டு. உப்பும் புழுதியும். ஊசி ஒண்டு எடுத்துக் குத்திவிடுங்க" என்றார். கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்குப் போனேன். அந்தப் பழைய பையில் வந்த மூடி இன்னும் எங்களிடம் இருக்கிறது. கொயிலும் காபரேட்டரும் பழைய இரும்புக்காரனுக்குப் போய்விட்டன. மூடியின் உட்பக்கம் குழிவாக, கைக்கு அடக்கமாக இருப்பதால் அம்மா அதில்தான் ஊசியும் பொத்தானும் போட்டு வைக்கிறார். பதினைந்து வருடமாக ஊசிகள் அதற்குள் கிடந்தன. கொட்டிவிட்டு வெளிச்சத்துக்குப் பிடித்தேன். மேலே, நடுவில் ஒரு சின்னப் பொட்டு. வெளிச்சம் வரவில்லை. ஒரு ஊசியை எடுத்துக் குத்தினேன். கல்லுப்போல இருந்தது. திருகித் திருகிக் குத்த, மஞ்சள் தூளாக உள்ளங்கையில் கொட்டியது. முகர்ந்தேன். துணி தோய்க்கும் சவுக்காரம்.

அப்பா வெளியே கட்டிலில் படுத்திருந்தார். சொல்லாமல் விடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் சொல்லாமல் விட்டு என்ன நடந்தது என்று கண்டவன் நான். எல்லாவற்றையும் சொன்னேன். கொயில் அல்ல என்றேன். ஆறவிட்டதால் அல்ல, மூடியைத் திறந்ததால்தான் ஓடியது என்றேன். அப்பா எழுந்து இருந்து மூடியைக் கையில் வாங்கினார். தூளை விரலால் நசித்துப் பார்த்தார். ஓட்டையில் வாயை வைத்து ஊதினார். மறுபக்கத்தில் கையைப் பிடித்திருந்த எனக்குக் காற்று வந்தது.

நெடுநேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப ஒழுங்காத்தான் அடைச்சிருக்கிறன்" என்றார். "மூண்டு மாரி. ஒரு சொட்டு உள்ள போகேல்ல, பாத்தியே."

அம்மா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஊசிகளைப் பொறுக்கி வேறு ஒரு டப்பாவில் போட்டார். அந்தப் பாதிக் கட்டியைப் பற்றி அன்று அவர் ஒன்றும் சொல்லவில்லை.

செலவு இவ்வளவுதான்: பாதிக் கட்டி சவுக்காரம், ஒரு துண்டு மெழுகுதிரி, ஒரு அப்பியாசக் கொப்பி, பதினொரு தென்னை, நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்று, அது இருந்த அரை ஏக்கர்.